மைக்கை அணைக்க மறந்த கேப்டன்

போன மாதம் பம்பாயில் கடற்படையின் புதுக் கப்பல் ஒன்றைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். மருமகன் என்னை நான் இப்போது இருக்கும் கோபர்கைரனேயிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு போனார். பழைய கடற்படை ஆள் என்று அட்டையைக் காட்டியதும் ராஜ மரியாதை. இஞ்சின் பகுதியைச் சுற்றிக் காட்ட ஒரு பெண் அதிகாரி வந்தார். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். அவர் காட்டிய அறையில் வரிசையாகத் திரைகள், சுழல் நாற்காலிகள், குளுகுளுவென்று ஏ.சி. எண்ணெய் வாசனைகூட இல்லை.

"மேல என்ன நடக்குதுன்னு எல்லாமே இந்த ஸ்க்ரீன்ல தெரிஞ்சிடும் அங்கிள். உங்க டைம்ல கீழ இருந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்களுக்கு ரேடியோ சாப் இருந்தாரும்மா" என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பிடித்துக்கொண்டது. சாதாரணச் சிரிப்பில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு வாங்கி, போர்க்கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் எழுபது தாண்டிய ஒரு மனுஷன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சிரிக்கிறேன். மருமகன் என் மாத்திரையைத் தேடுகிறார். ஒரு மாலுமி தண்ணீர் கொண்டு ஓடி வருகிறான். அந்தப் பெண் மட்டும் பதறவில்லை. "இது என்ன கதைன்னு எழுதிக் குடுங்க அங்கிள், எங்க ஆளுங்க எல்லாரும் படிப்போம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா தமிழ்ல எழுதாதீங்க, எனக்கு வாசிக்க வராது" என்றார். எனக்குத் தமிழில்தான் எழுத வரும். யாராவது வாசித்துக் காட்டட்டும்.

என் பெயர் காதர் மைதீன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவி. வாப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. எனக்குத் தோல் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, பள்ளிக்கூடமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் சேர்க்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடற்படைக்குப் போய் வரிசையில் நின்றேன். மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். லோனாவாலாவில் பயிற்சி. அங்கே படித்ததில் இன்றைக்கு எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான்: பாய்லரில் தண்ணீர் குறைந்தால் தீயை அணை, யாரையும் கேட்காதே. இதை எங்கள் ஆசிரியர் தினமும் சொல்லுவார். தூங்குகிறவனை உலுக்கிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பார்.

பயிற்சி முடிந்ததும் ஒரு பழைய நீராவிக் கப்பலில் போட்டார்கள். வெள்ளைக்காரன் கட்டி, ஓட்டிச் சலித்து, நம்மிடம் தள்ளிவிட்டுப் போன கப்பல். அதில் இரண்டு பாய்லர் அறைகள். முன் அறையில் நான். அங்கே தலைவர், பெட்டி ஆபீசர் என்ற பதவியில் இருந்த அருணாசலம் அண்ணாச்சி. அவரும் எங்கள் ஜில்லாக்காரர், எங்கள் தாராவிக்காரர். நல்ல மனிதர், ஆனால் புலம்பல் மன்னர். எண்ணெய் சரியில்லை, பம்ப் சரியில்லை, சோறு சரியில்லை. எல்லாம் சரியாக இருக்கும் நாளில், "இன்னைக்கு என்னமோ சரியில்லலே" என்பார்.

பாய்லர் அறை என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கப்பலின் அடிவயிற்றில், கடல் மட்டத்துக்குக் கீழே, ஓர் இரும்புக் குழி. அதில் வீடு மாதிரி ஒரு பாய்லர். எண்ணெய்த் தீ வாய்கள் வரிசையாக எரியும். ஒரு பம்ப் ஓயாமல் தண்ணீர் ஊட்டும். பாய்லரின் நெற்றியில் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும், உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டும். அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நிற்பது என் வேலை. வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளமா என்று தாராவியில் கேலி செய்வார்கள். கண்ணாடியில் தண்ணீர் மறைந்து தீயும் எரிந்துகொண்டிருந்தால் பாய்லர் வெடிக்கும், அறையில் இருப்பவர்களைக் கழுவித்தான் எடுக்க வேண்டும் என்பது கேலி செய்தவர்களுக்குத் தெரியாது. போர் என்று மணி அடித்துவிட்டால், மேலே போகும் வழியை மூடித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள், மேலேயிருந்து. எங்கள் அறையில் வெள்ளம் புகுந்தால் அது கப்பலின் மற்ற பகுதிக்குப் போகக் கூடாது என்பதற்காக. நியாயமான ஏற்பாடுதான், மேலே இருப்பவர்களுக்கு.

இப்படி இருந்த எங்களிடம் ஒரு புதுக் கேப்டன் வந்தார். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர், ரயில்வே குமாஸ்தாவின் மகன். ஆள் குள்ளம். பிரிட்ஜ் என்று நாங்கள் சொல்லும் மேல்மாடத்தில் நின்றுதான் கேப்டன் கப்பலை நடத்துவார். அங்கே எட்டிப் பார்ப்பதற்குக் காலடியில் ஒரு மரப்பலகை போட்டுக்கொள்வார். கப்பல் ஆடும்போது பலகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வந்த வாரமே எங்கள் அறைக்கு இறங்கி வந்தார். கேப்டன்கள் வருவார்கள்தான். வெள்ளைக் கைக்குட்டையால் எதையாவது துடைத்துப் பார்த்து, முகம் சுளித்து, ஏறிப் போவார்கள். இவர் காக்கி அரைக்கால் சட்டையில் வந்து, ஒரு ஷிப்ட் முழுக்க எங்களோடு நின்றார். வியர்வையில் நனைந்து எங்களைவிட மோசமாக இருந்தார்.

"நீ எந்த ஊர்டா?" என்று என்னைக் கேட்டார்.

"தாராவி சார்."

"அடப்பாவி, நடுவுல சென்ட்ரல் லைன் தண்டவாளம்தான். நான் அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். சரி, மேல என்ன நடக்கறதுன்னு உங்களுக்கு யார் சொல்றா?"

"யாரும் சொல்லமாட்டாங்க சார்" என்றார் அண்ணாச்சி. "திடீர்னு சாயும். திடீர்னு குலுங்கும். நாங்களா ஒண்ண நெனச்சிக்கிடுவோம்."

கேப்டன் காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே யோசித்தார். அது அவர் வழக்கம். "தெரியாதவனுக்குத்தான் பயம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் தொடங்கியது வர்ணனை.

கப்பல் முழுக்க ஒலிபெருக்கிகள் உண்டு. சாப்பாட்டு மணி, எச்சரிக்கை மணி இதற்குத்தான் வைத்திருந்தார்கள். கேப்டன் அந்த மைக்கைப் பிடித்தார், விடவில்லை. இந்தியில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. "வலது பக்கம் டால்பின்கள் துள்ளுகின்றன. கீழே இருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம், நேற்றுப் பார்த்த அதே டால்பின்கள்தான்." "எதிரே பெரிய அலை, டீயைக் குடித்து முடியுங்கள்." ஒருநாள் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது கரையில் டொம்மென்று இடித்துவிட்டது. உடனே குரல் வந்தது: "இப்போது கேட்ட சத்தம் என் தவறு, வேறு யாருடைய தவறும் இல்லை." ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும்: "மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டினார். நியாயமான திட்டு." சமையல்காரர் முதல் சிக்னல்காரர் வரை விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து அவருக்கு ரேடியோ சாப், அதாவது ரேடியோ ஐயா, என்று பெயர் ஆனது. அவருக்கும் அது தெரியும்.

ஒரு விதி மட்டும் வைத்திருந்தார். கீழே இருப்பவர்களிடம் பொய் சொல்ல மாட்டார். போர் வந்து, பம்பாயை விட்டுக் கிளம்பிய அன்று மைக்கில் சொன்னார்: "எங்கே போகிறோம் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பொய் சொல்ல எனக்கு மனமில்லை. ஆகையால் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்." யாரும் கேட்கவில்லை. எங்கள் அறையில் பல்பீர் சிங் என்று ஒரு பஞ்சாபி மெக்கானிக் இருந்தான். அவன் மட்டும், "இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் சாகக் கூப்பிட்டதில்லை" என்றான்.

இப்போது அந்தப் பகல்.

காலையில் எங்கள் உபரியான சின்ன பம்பில் வால்வு ஒட்டிக்கொண்டது. பல்பீர் அதைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தான். பெரிய பம்ப்தான் ஓடுகிறதே, என்ன அவசரம் என்று இருந்தோம். மத்தியானம் மணி அடித்தது. தலைக்கு மேலே மூடி விழுந்து, தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக இறுகின. பிறகு குரல்: "வலது பக்கம் தண்ணீருக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று நம் சோனார் பையன் சொல்கிறான். நீர்மூழ்கியாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டுத் தெளிவாகத்தான் இருக்கிறான், அதனால் நம்புகிறேன். இனி வளைந்து வளைந்து வேகமாக ஓடப் போகிறோம். நிற்பவனைத்தான் நீர்மூழ்கிக்காரன் சுடுவான்."

ஓடினோம். எல்லாத் தீ வாய்களும் முழு மூச்சில் எரிந்தன. கப்பல் இடமும் வலமும் சாய்ந்தது. எங்கள் கப்பல் போட்ட குண்டுகள் தண்ணீருக்குள் வெடிக்கும்போது, வெளியிலிருந்து யாரோ சம்மட்டியால் எங்கள் சுவரை அடிப்பது போல இருந்தது. நீராவிக் குழாய்களில் சுற்றியிருந்த பூச்சு உதிர்ந்து எங்கள் தலையில் கொட்டியது. மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் போல எல்லோரும் வெள்ளை. பல்பீரின் தாடியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் பெரிய பம்ப் இருமியது. ஒருமுறை, இரண்டு முறை. பிறகு மூச்சுத் திணறுகிற மாதிரி விட்டு விட்டு ஓடத் தொடங்கியது. கண்ணாடியில் தண்ணீர் இறங்கியது. "அண்ணாச்சி, எறங்குது" என்றேன்.

பாய்லர் அறையிலிருந்து பிரிட்ஜுக்கு நேராக ஒரு பித்தளைப் பேச்சுக் குழாய் உண்டு. அண்ணாச்சி அதில் வாயை வைத்தார். "சார், பெரிய பம்ப் மக்கர் பண்ணுது. சின்ன பம்ப்ப கழட்டிப் போட்டிருக்கோம், மாட்டிக்கிட்டு இருக்கான். தீய அணைக்கணுமா சார்?"

தீயை அணைத்தால் கப்பலின் வேகம் பாதியாகும். அணைக்காவிட்டால் நாங்கள் போவோம். அண்ணாச்சி குழாயில் காதை வைத்தார். பல்பீர் குனிந்து திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தான். அப்போது ஒலிபெருக்கியில், கப்பல் முழுவதற்கும், கேப்டனின் குரல் தமிழில் வந்தது.

"என்ன பண்ணுவேன்... அணைச்சா எல்லாரும் போயிடுவோம், அணைக்கலேன்னா கீழ இருக்கறவா போயிடுவா... அம்மா, நேக்கு ஒண்ணும் புரியலையே."

மைக்கை அணைக்க மறந்துவிட்டார். எந்நேரமும் பேசுகிறவருக்கு எப்போது பேச்சு நின்றது என்று தெரியவில்லை. தனக்குள் புலம்பியதாக அவர் நினைத்தது சமையலறையிலும் பீரங்கி மேடையிலும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கப்பலில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் அண்ணாச்சியும் நானும்தான்.

"க்யா போலா?" என்று அவர் சொன்னதன் அர்த்தம் கேட்டான் பல்பீர். அறையில் இருந்த எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

"சாப் சாமி கும்பிடுகிறார்" என்று அண்ணாச்சி இந்தியில் சமாளித்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. என்ன செய்வதென்று சாபுக்குத் தெரியவில்லையாம் என்று அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன்.

பல்பீர் ஸ்பானரைப் பிடித்தபடி நிமிர்ந்தான். வெள்ளைத் தாடி, வெள்ளைப் புருவம். "அப்போ அவருக்கும் நமக்கும் ஒரே ஞானம்தான்" என்றான்.

ஒருவன் குபீரென்று சிரித்தான். அதோடு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. சூடு, பயம், மாவு பூசிய முகங்கள், கேப்டன் அம்மாவைக் கூப்பிடுகிறார். அந்த நேரத்தில் அதைவிட வேடிக்கையான விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணாச்சி பேச்சுக் குழாயில் சாய்ந்தபடி சிரித்தார். அது அத்தனையும் நேராக பிரிட்ஜுக்குப் போனது.

"அங்க என்ன சிரிப்பு?" என்று குழாயில் அதட்டல் வந்தது.

"சார், மைக் ஆன்ல இருக்கு" என்றார் அண்ணாச்சி.

வேறு யாராவது என்றால் மைக்கை அணைத்திருப்பார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தியில் கப்பல் முழுவதற்கும் சொன்னார்: "இப்போது நான் தமிழில் புலம்பியதைக் கேட்டீர்கள். அர்த்தம் இதுதான். முன் பாய்லரில் தண்ணீர் குறைகிறது. அணைத்தால் கப்பலுக்கு ஆபத்து, அணைக்காவிட்டால் அந்த அறையில் இருப்பவர்களுக்கு ஆபத்து. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் என் அம்மாவைக் கூப்பிட்டேன், அவர் மாட்டுங்காவில் இருக்கிறார். இனி அந்த அறையைக் கேட்டு முடிவு செய்கிறேன்."

பிறகு குழாயில், தமிழில், மெதுவாக: "அருணாசலம். கண்ணாடில எவ்வளவு தண்ணி இருக்கு? நிஜத்தைச் சொல்லு."

எங்கள் சிரிப்பு நின்றது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். அடியில் ஒரு விரற்கடைகூட இல்லை. லோனாவாலா ஆசிரியர் அங்கே இருந்திருந்தால் அணைத்துவிட்டு எங்களை அறைந்திருப்பார்.

"பாதிக் கண்ணாடி இருக்கு சார்" என்றார் அண்ணாச்சி. "தாராளமா ஓட்டுங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குழாயை மூடிவிட்டு, "நீ கண்ணாடியப் பாருலே. என் மூஞ்சியப் பாக்காத" என்றார். ஒரே ஒரு தீ வாயை மட்டும் அணைக்கச் சொன்னார். கப்பல் முழு வேகத்தில் இடது பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வில் கண்ணாடியில் தண்ணீர் முழுசாக மறைந்து, கப்பல் நிமிர்ந்ததும் திரும்பி வந்தது. வாப்பா, உம்மா, படிக்காமல் விட்ட பாடம் எல்லாம் என் நினைவுக்கு வந்துபோயின. மறுபடி சாய்ந்தது, மறுபடி மறைந்தது. இந்தத் தடவை திரும்பி வர நேரமாகியது. பின்னால் பல்பீர் பஞ்சாபியில் அந்தப் பம்பின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே கடைசித் திருகாணியை முடுக்கி, நீராவியைத் திறந்துவிட்டு, ஓர் உதை விட்டான். சின்ன பம்ப் சிலிர்த்துக்கொண்டு ஓடியது. கண்ணாடியின் அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. ஏறியது. "ஏறுது அண்ணாச்சி" என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அதன்பின் ஒலிபெருக்கி சொன்னது: "சத்தம் நின்றுவிட்டது. நீர்மூழ்கியை அடித்தோமா, அது ஓடிவிட்டதா, அப்படி ஒன்று இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மீன்களை அடித்திருக்கிறோம், அது நிச்சயம். பின்னால் கடல் முழுக்க மிதக்கின்றன. சமையல்காரர் படகை இறக்கச் சொல்கிறார். அனுமதி இல்லை."

மூடியைத் திறந்து எங்களை மேலே விட்டபோது வெயில் இருந்தது. வெயிலைப் பார்த்து எங்கள் அறை ஆட்கள் எட்டுப் பேரும் கூத்தாடினோம். பல்பீர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

அண்ணாச்சி மட்டும் ஆடவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே குடைச்சல். நம்மிடம் ஒருநாளும் பொய் சொல்லாத மனுஷன் நிஜத்தைச் சொல் என்று கேட்டார், அவரிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று. கப்பலை விட்டு, வேலையை விட்டு, நான் வாஷியில் ஒரு ஹோட்டல் பாய்லரைப் பார்க்கப் போய், அண்ணாச்சி கோவண்டியில் மகன் வீட்டில் ஒதுங்கிய பிறகும் அது அவரை விடவில்லை. எங்கே பார்த்தாலும் அதே பேச்சுத்தான். கேப்டனுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும், "சொல்லிட்டு வந்துருவம்லே, இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது" என்று என்னை இழுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனார்.

கேப்டன் இன்னும் குள்ளமாகியிருந்தார். பெரிய நாற்காலியில் சின்னதாக உட்கார்ந்திருந்தார். காப்பி வந்தது. அண்ணாச்சி டம்ளரைத் தொடவில்லை. எழுந்து நின்று, அட்டென்ஷனில், எல்லாவற்றையும் சொன்னார். பாதி இல்லை சார், ஒரு விரற்கடைகூட இல்லை, நான் பொய் சொன்னேன் சார்.

கேப்டன் காது மடலை இழுத்துக்கொண்டே கேட்டார். "தெரியும்" என்றார்.

"எப்படி சார்?"

"நிஜமாவே பாதி இருந்திருந்தா நீ, ரொம்பக் கம்மியா இருக்கு சார்னு புலம்பியிருப்பே. உன் வாயில தாராளமாங்கற வார்த்தையை அன்னிக்குத்தான் கேட்டேன். கேட்ட உடனே எனக்குப் புரிஞ்சுடுத்து."

அண்ணாச்சி ஓர் அடி முன்னால் வந்தார். "தெரிஞ்சுமா சார் ஓட்டுனீங்க?"

"நீ அப்படிச் சொன்னப்பறம்தான் என்னால ஓட்ட முடிஞ்சுது. அதுவரைக்கும் வாய்ல ஆர்டரே வரலை." அவருடைய கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய வர்ணனைக் குரலாகவே இருந்தது. "உங்ககிட்ட பொய் சொல்லப்படாதுன்னு நான் எனக்குத்தான் விதி வெச்சுண்டேன். நீங்க எங்கிட்ட சொல்லப்படாதுன்னு என்னிக்காவது சொன்னேனாடா?"

அண்ணாச்சி உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் நான் முதல்முறையாகக் கேட்டேன், "காப்பி ரொம்ப நல்லாருக்கு சார்" என்றார்.

கேப்டன் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "காப்பில என்னமோ கோளாறு, வந்து பாரு. அருணாசலம் நல்லாருக்குங்கறான்."